வேறு விஷயங்கள்

நான் தாமதமாகத்தான் போனேன்.
சிப்பி ஆலையில் ஷிப்ட் முடிந்து,
படகு பிடித்து, சேற்றில் இறங்கி,
மழைச்சட்டையோடு வகுப்பறைக்குள் நுழைந்தபோது
கை தட்டினார்கள்.
வராதவள் தலையில் மிளகாய் அரைத்து முடித்திருந்தார்கள்:
பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பொருளாளர் நான்.

தலைவர் ரோசாமெல், பள்ளிப்படகை ஓட்டுகிறவர்.
செயலாளர் நோல்ஃபா, கையெழுத்து அழகு என்பதால்.
தென் சிலியில், சிலோயேயின் ஓரமாய்
மூன்று குட்டித் தீவு, பதினொரு குடும்பம், ஒரே ஆசிரியர்.
பிள்ளைகளின் நாற்காலியில்
முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து
சட்டவிதி படித்தோம்.
'சங்கத்தின் நோக்கம்' என்ற பத்தியில்
காற்று ஜன்னலைத் திறந்துவிட்டது.
மூடிவிட்டு வந்து அடுத்த பத்திக்குப் போனோம்.
நோக்கம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது.

மாதச் சந்தா ஐந்நூறு பெசோ.
பால்மாவு டப்பாதான் கஜானா.
முதல் மாதம் இரண்டு பேர் காசு தந்தார்கள்.
எத்தெல்வீனா உருளைக்கிழங்கு தந்தாள், மூன்று மூட்டை.
வரவுப் பக்கத்தில் கிழங்கை எப்படி எழுதுவது?
எழுதினேன்: கிழங்கு, மூன்று மூட்டை, அதில் அழுகல் நான்கு.
ஆசிரியர் எரிபெர்தோ சிரிக்காமல்
அழுகலைக் கழித்துக் காட்டினார்.

அடுப்பு விஷயத்தில்தான் சண்டை.
வகுப்பறை அடுப்பில் சூட்டைவிடப் புகை அதிகம்.
புதிது வாங்கலாம் என்றோம் நாங்கள்.
விறகுக்குக் கொட்டகை முதலில் என்றார் அவர்,
ஈர விறகு எந்த அடுப்பிலும் புகையும் என்று.
"எங்களுக்கு விறகு சொல்லித் தர வேண்டாம்."
"அப்படியானால் பின்னத்தை நீங்கள் சொல்லிக் கொடுங்கள்."
நோல்ஃபா பேனாவை மூடிவைத்தாள்.
குறிப்பேட்டில் அந்த மாலை இப்படி இருக்கிறது:
'அடுப்பு பற்றி விரிவாகப் பேசப்பட்டது.'

பணம் சேர்க்க பிங்கோ நடத்தினோம்.
பரிசு ஓர் ஆட்டுக்குட்டி.
பாதியில் கரண்ட் போயிற்று.
படகு விளக்கின் வெளிச்சத்தில் எண்களைக் கூவினார் ரோசாமெல்,
கடலில் ஆளைக் கூப்பிடும் குரலில்.
ஆடு யாருக்கு விழுந்தது தெரியுமா?
ஆசிரியருக்கு.
திருப்பித் தருவார் என்று பார்த்தோம்.
கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டே போனார்.
இரண்டு மாதம் அதைப் பேசியே ஆறினோம்.
சீட்டுக்கு அவரும் காசு கொடுத்தவர்தான், வாஸ்தவம்.

கொட்டகைதான் முதலில் வந்தது.
அவர் சொன்னது சரி என்று
அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசி அயிட்டம்
'வேறு விஷயங்கள்'.
அதற்குள் எல்லோரும் கோட்டை மாட்டிக்கொள்வோம்;
நீர் இறங்கினால் படகு நகராது.
மூன்று கூட்டமாய் அந்த நேரத்தில்
பின்வரிசை செகுந்தீனோ தொண்டையைச் செருமுவார்.
பிறகு தொப்பியை எடுத்துக்கொள்வார்.
ஒரு மாதமும் சந்தா கட்டாதவர்.
அதைப் பற்றித்தான் ஏதோ என்று
முகத்தைத் திருப்பிக்கொள்வேன் நான்.

நான்காவது கூட்டத்தில் நின்றபடியே சொன்னார்:
"பையனுக்குப் பலகை தெரியவில்லையாம்.
முன்னால் உட்கார்ந்தாலும்."

கவனம் போதாது என்று
அந்தப் பையனின் அட்டையில் இரண்டு முறை எழுதிய ஆசிரியர்
ஆட்டைப் பற்றி நாங்கள் பேசியபோதுகூட
இப்படிக் குனிந்ததில்லை.

நீர் இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் எழவில்லை.
டப்பாவைத் திறந்தேன்.
கண்ணாடி ஒன்று, காஸ்த்ரோ நகரம் போய்வர இருவருக்குக் கூலி.
எந்தத் தலைப்பில் எழுத, என்றாள் நோல்ஃபா.
விதிப்படி தலைப்பு வேண்டும்.
பழுதுபார்ப்பு, என்றேன்.
எதை என்று கேட்காமல் எழுதிக்கொண்டாள்.

வெளியே படகு தரைதட்டிக் கிடந்தது.
கடல் திரும்பி வரும்வரை
வகுப்பறையிலேயே காய்ந்த விறகை மூட்டினோம்.
புகை கொஞ்சம்தான்.
சங்கத்தின் கிழங்கில் மிச்சத்தைச் சுட்டுத் தின்றோம்,
ஆசிரியர் உப்பு கொண்டுவந்தார்.
அதற்கு நான் இன்னும் பற்று எழுதவில்லை.